கர்த்தருக்கு நூற்று ஐம்பத்தேழு டாலர்

எல்ஸ்பி, நெப்ராஸ்கா
2021 ஜூலை 19, திங்கள்

அன்புள்ள லவோனுக்கு,

நேற்று ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பிக்கு இருந்தவர்கள்: போதகர் ஸ்டென்வால், காப்பிப் பாத்திரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆல்வினா டீச்சர் (தொண்ணூற்றொரு வயது), வெர்லின் ப்ரூன், அவன் மனைவி டார்லிஸ், ஹேவர்காம்ப் சகோதரர்கள் இருவர், உன் அண்ணன் டெல்மர், நான். மொத்தம் எட்டுப் பேர். கர்த்தரையும் சேர்த்தால் ஒன்பது. இந்தத் தடவை அவரைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும், காரணம் பின்னால் வருகிறது. இதை முதலில் எழுதுவது எதற்கென்றால், விஷயம் யூமாவில் உன் காதுக்கு வந்து சேரும்போது நாற்பது பேர் இருந்ததாக ஆகியிருக்கும். இருந்தது எட்டே பேர்.

டார்லிஸ் தன் கேசரோல் பாத்திரத்துப் பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்தாள். போன வருஷம் நோய்க்காலத்தில் அரசாங்கம் பண்ணைகளுக்குக் கொடுத்த நிவாரணப் பணம், யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல். யாரோ அரசாங்கத்திடம் கேட்டு வாங்கி இணையத்தில் போட்டுவிட்டார்களாம். நம் மாவட்டத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்செடுத்து வந்திருக்கிறாள்.

"நம்ம வரிப்பணம்தானே? தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்று சொல்லி, யாரும் கேட்காமலே வாசிக்க ஆரம்பித்தாள். "டெல்மர் கெர்க்கன். பதிமூவாயிரத்து எண்ணூத்திப் பதினாறு!"

உன் அண்ணன் வாயில் எலுமிச்சை கேக் இருந்தது. அதை மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. முப்பது வருஷமாகக் கூட்டுறவுக் கிடங்கின் காப்பி மேஜையில் உட்கார்ந்து, அரசாங்கக் காசு ஐந்து சென்ட்கூட என் கையில் பட்டதில்லை என்று சொல்லி வந்தவர். பணம் வந்த நாளில் என்னிடம், "ஆர்டித், இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும்" என்றார். போயிருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வரி: "கர்த்தர். கெர்க்கன் பண்ணை, எல்ஸ்பி. நூத்தி அம்பத்தேழு."

போதகர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

இதில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வீட்டிலும் வசந்தத்தில் ஒரு கன்றைக் கர்த்தருக்கென்று குறித்து, அதை விற்ற பணத்தை ஆலயக் கூரைக்குக் கொடுக்கும் நம் வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நிவாரணம் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. மற்றவர்கள் அந்தக் கன்றையும் தங்கள் மந்தையில் சேர்த்து எழுதிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. நோய்க்காலம் என்பதால் நிவாரண அலுவலகத்தில் எல்லாம் போனில்தான். அங்கிருந்த பெண் கேட்டாள், "இந்தக் கிடேரிக்கு உரிமையாளர் பேர் சொல்லுங்கம்மா." கர்த்தர் என்றேன். "குடும்பப் பேரு?" இல்லை என்றேன். பிறகு ஆலயத்தின் வரி எண்ணை வாங்கிக்கொண்டு அப்படியே போட்டுவிட்டாள். காசோலையும் அந்தப் பெயருக்கே வந்தது. பின்பக்கம் கையெழுத்துப் போடலாமா, அது தேவதூஷணம் ஆகுமா என்று போதகர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.

அதற்கும் அடுத்த வரியை டார்லிஸ் வாசித்தபோது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வரியைப் பற்றி நான் எழுத முடியாது. 2002 ஏப்ரல் 13 அன்று, மாமாவின், அதாவது உன் அப்பாவின், அடக்கம் முடிந்து, இதே கீழ்த்தளத்தில் நீ என்னிடம் ஒரு வாக்கு வாங்கினாய். அதை இன்றுவரை மீறவில்லை. பட்டியலை நீயே பார்த்துக்கொள்.

உன் கிழக்கு எண்பது ஏக்கரின் குத்தகைத் தாளை உன் கையெழுத்துக்காக இத்துடன் வைத்திருக்கிறேன். மழை முக்கால் அங்குலம் பெய்தது. உனக்காக ஜெபிக்கிறேன்.

ஆர்டித்


யூமா, அரிசோனா
ஜூலை 27

அண்ணிக்கு,

இங்கே நூற்றுப் பன்னிரண்டு டிகிரி. உங்கள் கடிதம் வந்த பிறகு இன்னும் ஏறிவிட்டது.

பட்டியலைப் பார்த்தேன். கிளப் கட்டடத்துக் கம்ப்யூட்டரில் அண்ணன் பெயரைத் தேடினேன், கிடைத்தது, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று துப்பறிந்துகொண்டிருக்க எனக்கு நேரமில்லை. என்ன வாக்கு என்றும் ஞாபகமில்லை. அந்த அடக்கத்தில் நான் பத்துப் பேரிடம் சண்டை போட்டேன்.

எனக்கு ஞாபகம் இருப்பது இதுதான். என் எண்பது ஏக்கருக்கு நீங்கள் தரும் குத்தகை வருஷம் மூவாயிரத்து இருநூறு. 2011-லும் அதுதான், இன்றும் அதுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் அனுப்பும் அட்டையில் ஒரு தேவதூதன், கீழே "இந்த வருஷம் கொஞ்சம் கஷ்டம்" என்று ஒரு வரி. பதிமூவாயிரம் வந்த வருஷத்து அட்டையிலும் அதே வரி. அட்டையை வைத்திருக்கிறேன்.

வெர்லின் ப்ரூன் போன் செய்தான். ஐந்தாயிரத்து இருநூறு தருகிறானாம். "முன்னூறு மாடு வச்சிருக்கேன் லவோன், இடம் பத்தல" என்றான். உழுது சோளமும் போடுவானாம். செப்டம்பர் ஒன்றுக்குள் நான் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தால் மார்ச்சில் நிலம் அவன் கைக்குப் போகும். சட்டம் எனக்கும் தெரியும். கொடுக்கத்தான் போகிறேன்.

அரசாங்கக் காசு வாங்குகிறவர்களைப் பற்றி எனக்கு என்ன அபிப்பிராயம் என்று இந்த டிரெய்லர் குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வண்டியில் ரோண்டா என்று ஒருத்தி. முடி வெட்டும் கடைக்கு நிவாரணம் வாங்கினாள். சீட்டாட்டத்தில் அவளை நான் "அரசாங்க ரோண்டா" என்றுதான் கூப்பிடுகிறேன். இப்போது என் சொந்த அண்ணனே அப்படி என்றால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சீட்டுப் போடுவது?

கர்த்தரைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். குத்தகையை ஏற்றாமல் வைத்திருப்பது அவர் இல்லை.

லவோன்


எல்ஸ்பி
ஆகஸ்ட் 3, செவ்வாய்

அன்புள்ள லவோனுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்து, ஒரு முறை ஜெபித்து, அப்புறம் எழுத உட்கார்ந்தேன். குத்தகை ஏன் ஏறவில்லை என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பதில் நான் கொடுத்த வாக்கின் வழியாகத்தான் வர முடியும், சுற்றுவழி இல்லை. எனவே என்னை அந்த வாக்கிலிருந்து விடுவிப்பதாக உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. வாயால் வாங்கிய வாக்குதான், இருந்தாலும் விடுதலை எழுத்தில் இருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

இதற்கிடையில் இங்கே நடந்ததைச் சொல்லலாம், அதில் வாக்கு ஒன்றும் குறுக்கே வரவில்லை.

பட்டியல் வந்த மறுநாள் கிடங்கின் காப்பி மேஜையில் வழக்கமான ஆறு ஆண்களும் வந்து உட்கார்ந்தார்களாம். ஆறு பேர் பெயரும் பட்டியலில். ஆறு பேரும் மற்ற ஐந்து பேருடைய தொகையை மனப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் மழையைப் பற்றி மட்டும் பேசினார்களாம். உன் அண்ணன் மூன்றாம் நாளிலிருந்து போகவில்லை. என் அடுப்படியிலேயே உட்கார்ந்து, நான் ஊறுகாய் போடுவதற்கு யோசனை சொல்கிறார். எத்தனை நாள் தாங்குவேன் என்று தெரியவில்லை.

போன ஞாயிறு மறுபடியும் கீழ்த்தளம். அதே எட்டுப் பேர். டார்லிஸ் விடவில்லை. "சிலர் வெளியில ஒண்ணு பேசுவாங்க, உள்ள ஒண்ணு வாங்குவாங்க" என்று என் பக்கம் பார்த்துச் சொன்னாள். ஆல்வினா டீச்சர் அதுவரை காது கேட்காத மாதிரி இருந்தவள், "அந்தத் தாளை இப்படிக் குடு" என்றாள். கைத்துடைப்புக் காகிதத்தை விரித்துப் பென்சிலை எடுத்தாள்.

"கர்த்தருக்கு எத்தனை மாடு, ஆர்டித்?"

"ஒண்ணு டீச்சர்."

"அவருக்கு நூத்தி அம்பத்தேழு. அப்போ ஒரு தலைக்கு நூத்தி அம்பத்தேழு." பிறகு டார்லிஸ் வீட்டு வரியில் விரலை வைத்தாள். "வெர்லின் ப்ரூன். பதினேழாயிரத்து ஐந்நூத்தி எண்பத்திநாலு. அதை நூத்தி அம்பத்தேழால வகு." வகுத்தாள். "நூத்திப் பன்னெண்டு. மீதி இல்லை."

ஒருவன் எத்தனை மாடு வைத்திருக்கிறான் என்று நேரில் கேட்பதைவிட அவன் சம்பாத்தியத்தைக் கேட்டுவிடலாம், அது உனக்கும் தெரியும். வெர்லின் இருபது வருஷமாக முன்னூறு என்று சொல்லித்தான் மேஜையில் தலைப்பக்கத்து நாற்காலியில் உட்காருகிறான்.

"மீதியெல்லாம் எங்கடா மேயுது?" என்று பெரிய ஹேவர்காம்ப் கேட்டார்.

வெர்லின் முகம் பீட்ரூட் ஆகிவிட்டது. "கணக்குல கொஞ்சம் விட்டுப்போச்சு" என்றான். "விட்டுப்போனது நூத்தி எண்பத்தெட்டு" என்றாள் டீச்சர். டார்லிஸ் கேசரோல் பாத்திரத்தை மறந்துவிட்டே வீட்டுக்குப் போனாள். கழுவி வைத்திருக்கிறேன்.

எனக்கு அவர்கள்மேல் பரிதாபமாகத்தான் இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்டுவிட்டேன், உன்னிடம் இல்லை, மேலே.

நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் அந்த விடுதலையை எழுதி அனுப்பு.

ஆர்டித்


யூமா
ஆகஸ்ட் 11

அண்ணி!

துணி துவைக்கும் அறையின் கதவில் ரோண்டா ஒரு தாளை ஒட்டியிருக்கிறாள். நெப்ராஸ்கா, பண்ணை நிவாரணம், லவோன் ஷாக் என்று என் பெயர், இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூற்றெட்டு டாலர் என்று மஞ்சள் மையில் கோடு. நாலு பக்கமும் டேப். பிரிக்க முயன்றேன், பெயின்ட்தான் வந்தது.

நேற்று சீட்டுக்குப் போனேன். "வாங்க அரசாங்க லவோன், எத்தனை ஏக்கர் மேஜை வேணும்?" என்றாள் ரோண்டா. எட்டுப் பேர் சிரித்தார்கள். நானும் எண்ணினேன், உங்களிடமிருந்து தொற்றிக்கொண்டது.

நான் ஒரு சென்ட் வாங்கவில்லை! என்னிடம் ஒரு கோழிகூட இல்லை! என் பெயரை வைத்து அங்கே யார் என்ன செய்தார்கள்? அண்ணனா? நீங்களா? நீங்கள் என்று சொன்னால் நம்ப முடியவில்லை. கர்த்தரின் கிடேரியைக்கூடத் திருடாதவர் என் பெயரைத் திருடுவீர்களா?

பிறகு ராத்திரியெல்லாம் யோசித்தேன். அந்த வாக்கு ஞாபகம் வந்துவிட்டது. உயிலில் அண்ணனுக்கு வீடும் மற்ற நிலமும். எனக்கு எண்பது ஏக்கரும், "ஒரு சிவப்பு மாடும்." பன்னிரண்டு வயதில் நான் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்த பெட்டூனியா என்ற கிடேரியை, கால்நடைக் கண்காட்சி முடிந்த அன்றே இறைச்சி லாரியில் ஏற்றியவர் அப்பா. நான் லாரிக்குப் பின்னால் ஓடினேன், அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மனிதர் சாகும்போது எனக்கு ஒரு மாட்டை எழுதி வைக்கிறார் என்றால் அது பரிகாசம் இல்லாமல் என்ன? உங்கள் கையைப் பிடித்து, "அந்த மாட்டைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை என் காதுல விழக் கூடாது, சத்தியம் பண்ணுங்க" என்றேன். நீங்களும் செய்தீர்கள். அதுதானே?

அண்ணி, அது கோபத்தில் சொன்னது. அதைப் போய் யாராவது பத்தொன்பது வருஷம் காப்பாற்றுவார்களா?

சரி. எழுத்தில் கேட்டீர்கள், எழுத்தில் தருகிறேன்: லவோன் ஷாக் ஆகிய நான், ஆர்டித் கெர்க்கனை, மாட்டைப் பற்றிய வாக்கிலிருந்து முழுவதுமாக விடுவிக்கிறேன். சாட்சிக்கு ரோண்டா கையெழுத்துப் போட்டிருக்கிறாள். ரொம்ப சந்தோஷமாகப் போட்டாள்.

வெர்லின் தாள் அனுப்பிவிட்டான். 28-ஆம் தேதி கையெழுத்துப் போடுவேன். அதற்குள் சொல்லுங்கள்.

லவோன்


எல்ஸ்பி
ஆகஸ்ட் 17, செவ்வாய்

அன்புள்ள லவோனுக்கு,

விடுதலை கிடைத்தது. குடும்ப வேதாகமத்தில் வைத்துவிட்டேன். ரோண்டாவுக்கு நன்றி சொல். இனி ஒழுங்காகச் சொல்கிறேன்.

உனக்கு மாடு இருக்கிறது. பதினான்கு.

மாமா உனக்கு எழுதி வைத்த சிவப்புப் பசு 2002-லேயே ஒரு பெண்கன்று போட்டது. அதற்குச் சிவப்பு வில்லையைக் காதில் மாட்டினேன். அதன் கன்றுக்கும் சிவப்பு, அதன் கன்றுக்கும் சிவப்பு. எங்கள் மாடுகளுக்கு மஞ்சள். கர்த்தருடையதற்கு வெள்ளை. பராமரிக்கிறவனுக்குப் பாதிக் கன்று, உரிமைக்காரருக்குப் பாதி, இது ஊர் வழக்கம். உன் பாதியில் காளைக்கன்றுகளை விற்று, எல்ஸ்பி வங்கியில் சின்ன வயதில் மாமா உனக்கு ஆரம்பித்த கணக்கில் போட்டு வருகிறேன். உன் நிவாரணப் பணத்தையும் சேர்த்து, வரி போக இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது டாலர் இருக்கிறது. வருஷா வருஷம் அதற்கான தாளை உனக்கு வரிக்கணக்குப் போடும் நம் ஊர் மில்ஃபோர்டிடம் கொடுத்துவிடுவேன். மில்ஃபோர்டுக்கு உன் மாடுகளைத் தெரியும். வங்கிக்குத் தெரியும். இப்போது ரோண்டாவுக்கும் தெரியும். உனக்கு மட்டும்தான் தெரியாது, அதுவும் நீ கேட்டுக்கொண்டபடி.

நிவாரண மனுவில் நீதான் கையெழுத்துப் போட்டாய். போன வருஷம் ஜூனில் குத்தகைத் தாளோடு அதையும் வைத்து, மஞ்சள் சீட்டு ஒட்டி, "தயவுசெய்து படித்துப் பார்க்கவும்" என்று எழுதி அனுப்பினேன். அந்தத் தாளில் மாடு என்று பதினோரு இடத்தில் இருந்தது. தாள் சொன்னால் நான் சொன்னதாகாது என்று நினைத்தேன். நீ படிக்காமல், மஞ்சள் சீட்டின் மேலேயே பாதிக் கையெழுத்தை ஓட்டித் திருப்பி அனுப்பினாய்.

குத்தகை ஏறாததும் இதனால்தான். கிழக்கு எண்பதில் எங்கள் மாடு ஒன்றுகூட மேய்வதில்லை. அங்கே மேய்வது உன்னுடைய பதினான்கு, கர்த்தருடைய ஒன்று. உன் மாடு உன் நிலத்தில் மேய்வதற்கு நாங்கள் உனக்கு வாடகை கட்டி வருகிறோம். அதை இன்னும் ஏற்றச் சொல்லி டெல்மரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன்னிடம் விளக்கவும் வழியில்லை. "கொஞ்சம் கஷ்டம்" என்று எழுதியது பொய்யில்லை, இதை அடக்கி வைத்திருப்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

வெர்லினுக்கு நீ நிலத்தைக் கொடுத்தால் அவன் உழுதுவிடுவான். எங்கள் மேய்ச்சலில் இடமில்லை. பதினான்கையும் விற்க வேண்டும், இல்லையென்றால் யூமாவுக்கு அனுப்ப வேண்டும். துணி துவைக்கும் அறை எவ்வளவு பெரியது என்று எழுது.

இனி ஒன்று பாக்கி. இதைச் சொல்லத்தான் பத்தொன்பது வருஷமாக நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கணக்கு எழுத எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. மாமாவின் பழைய நோட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் படித்ததுதான். அடக்கம் முடிந்த வாரம் அவற்றை எடுத்தபோது 1968 ஆகஸ்ட் பக்கம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்: "சிவப்புக் கிடேரி, லவோன் வளர்த்தது, மூன்றாம் பரிசு. லாரிக்கு விற்றது." மறுநாள் தேதியில்: "அதே கிடேரி. கசாப்புக் கிடங்கிலிருந்து திரும்ப வாங்கியது, கூட இரண்டு டாலர். ஹேவர்காம்ப் மந்தையில் விட்டிருக்கிறது. யாரிடமும் சொல்ல வேண்டாம்." கீழே வேறு மையில்: "இவள் வழி லவோனுக்கு."

பெரிய ஹேவர்காம்பிடம் நேற்றுக் கேட்டேன். "ஆமா, விடியக்காலைல ஓட்டிட்டு வந்தாரு. பொண்ணு அழுதான்னு திரும்ப வாங்கினேன்னு வெளியில தெரிஞ்சா காப்பி மேஜைல உக்கார முடியாதுன்னாரு" என்றார். நீ 1974-இல் கல்யாணமாகிப் போன பிறகுதான் அதைக் கிழக்கு எண்பதுக்குக் கொண்டுவந்திருக்கிறார். உனக்கு எழுதி வைத்த சிவப்புப் பசு பெட்டூனியாவின் கொள்ளுப்பேத்தி.

அடக்கத்தன்று அது எனக்குத் தெரியாது. தெரிந்தபோது சத்தியம் செய்தாகிவிட்டது.

டெல்மர் இன்று கிடங்குக்குப் போனார். பட்டியலை வைத்து வகுத்துப் பார்த்தவர்கள், "உன்கிட்ட நூத்தி மூணு இருக்கும்னு நினைச்சோம், எண்பத்தெட்டுதானா?" என்றார்களாம். "மீதி பதினாலு என் தங்கச்சியோடது, ஒண்ணு ஆண்டவரோடது" என்று சொல்லியிருக்கிறார். வெர்லினின் தலைப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்ததாம். உட்காரவில்லை என்கிறார். நம்புகிறேன்.

செப்டம்பர் ஒன்றுக்கு இன்னும் பதினைந்து நாள்.

ஆர்டித்


யூமா
ஆகஸ்ட் 24

அண்ணிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது, இதைக் கிழிக்கப்போவதில்லை.

வெர்லினின் தாளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டி, "முன்னூறு மாடு வந்ததும் சொல்" என்று எழுதினேன். உங்கள் குத்தகைத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை முழுக்கப் படித்தேன். நாலாம் பக்கத்தில் தேதி தப்பு, திருத்தியிருக்கிறேன். வாடகையில் இருநூறு ஏற்றியிருக்கிறேன், ஏற்றாமல் விட்டால் அண்ணன் பயந்துவிடுவான்.

வங்கிப் பணத்தை அங்கேயே விடுங்கள். என் கிடேரிகளில் ஒன்றுக்கு வெள்ளை வில்லை மாட்டுங்கள். அடுத்த பட்டியலில் கர்த்தர் கடைசியில் நிற்க வேண்டாம்.

துணி துவைக்கும் அறைக் கதவில் இருந்த தாளை நான் கிழிக்கவில்லை. என் பெயருக்குக் கீழே "பதினான்கு மாடு" என்று பேனாவால் எழுதி வைத்தேன். ரோண்டா வந்து படித்துவிட்டு, "நிஜமாவே உனக்கு மாடு இருக்கா?" என்றாள். இருக்கிறது என்றேன். பேர் என்ன என்று கேட்டாள். பெட்டூனியாவைச் சொன்னேன். லாரியைச் சொன்னேன். அப்பா மறுநாள் காலையில் போனதைச் சொன்னேன். அவள் தன் நாணயத்தை என் மெஷினில் போட்டாள். வெறும் துணி அலசலுக்கு இவ்வளவு அழுகிறவளை நான் பார்த்ததில்லை என்று யாரோ சொன்னார்கள். அது என்னைத்தான்.

ஒரே ஒரு கேள்வி அண்ணி. பெட்டூனியாவுக்கு இடது கண்ணுக்கு மேல் வெள்ளையாக ஒரு வால் மாதிரி இருக்கும், கீழே வளைந்து. குழந்தை எழுதிய காற்புள்ளி மாதிரி. என் பதினான்கில் யாருக்காவது அது இருக்கிறதா? நாளைக் காலையிலேயே போய்ப் பாருங்கள். மழை எவ்வளவு, யார் யார் இருந்தார்கள், ஒன்றும் எழுத வேண்டாம். இது மட்டும் போதும்.

பதில் சீக்கிரம் போடுங்கள்.

லவோன்